1.6 மியாட்டாவுக்கு வீட்டிலேயே டர்போ: 5000 டாலரை எந்த வரிசையில் செலவழிப்பது?

#1 தெருவண்டி (ஹூஸ்டன்)

வண்டி 1991 மாடல் மாஸ்டா மியாட்டா. 1.6 இன்ஜின், 5 கியர் மேனுவல், டர்போ எதுவும் இல்லாத கம்பெனி நிலை. வண்டி விலை போக 5000 டாலர் ஒதுக்கியிருக்கிறேன். சக்கரத்தில் 200 ஹெச்பி வேண்டும். தினசரி ஆபீஸுக்கும் ஓட வேண்டும், அவ்வப்போது ஆட்டோகிராஸுக்கும் (கூம்புகளுக்கு நடுவே நேரம் பார்த்து ஓட்டும் போட்டி).

திட்டம் இதுதான்: பழைய டி25 டர்போ, மேனிஃபோல்ட், இன்டர்கூலர், பெரிய இன்ஜெக்டர். பெட்ரோல் கலவைக்கு இப்போதைக்கு பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்) ஏற ஏற பெட்ரோல் அழுத்தத்தைக் கூட்டும் ரெகுலேட்டர், ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) அப்புறம். பிரேக், கூலிங், டிஃபரென்ஷியல் எல்லாம் அதற்கும் அப்புறம். வீட்டு கராஜில் லிஃப்ட் இல்லை, நான்கு ஜாக் ஸ்டாண்ட் உண்டு. வெல்டிங் வராது. வரிசை சரியா?

#2 முறுக்குவிசை (மிச்சிகன்)

வரிசை தலைகீழாக இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் 200 என்கிற எண். இந்த இன்ஜின் கிராங்கில் கொடுப்பது 116 ஹெச்பி. கியர்பாக்ஸ், டிஃப் எல்லாம் சேர்ந்து 13 சதவீதம் தின்றுவிடும் என்று வைத்தால், சக்கரத்தில் 200 வர கிராங்கில் 230 வேண்டும். அதாவது இப்போதைய சக்தியைப் போல இரண்டு மடங்கு. 12 பிஎஸ்ஐ பூஸ்டுக்கு மேல் தள்ளினால்தான் அது நடக்கும். இன்ஜினின் கனெக்டிங் ராட், 5 கியர் பெட்டி, 6 அங்குல டிஃப் மூன்றுமே அந்த அளவில் விளிம்பில் நிற்கும். 8 அல்லது 9 பிஎஸ்ஐ வைத்து 165-175 என்று நிறுத்தினால் அதே பாகங்கள் பல வருடம் ஓடும். ஏறக்குறைய ஒரு டன் எடையுள்ள வண்டியில் 170 என்பது சாதாரண வேகமல்ல.

ராடை உடைப்பது ஹெச்பி அல்ல, குறைந்த ஆர்பிஎம்மில் திடீரென்று ஏறும் டார்க் (திருப்புவிசை). டி25 சின்ன டர்போ, 3000 தாண்டியதுமே பூஸ்ட் கொடுத்துவிடும். டார்க் 270 நியூட்டன் மீட்டரைத் தாண்டாமல் வைப்பதுதான் உண்மையான எல்லை.

அடுத்து, ரெகுலேட்டரும் பெரிய இன்ஜெக்டரும் சேராது. அந்த வகை ரெகுலேட்டர் கம்பெனி இன்ஜெக்டரை வைத்துச் சமாளிக்கப் பிறந்தது. பெரிய இன்ஜெக்டரைப் போட்டுவிட்டு கம்பெனி ஈசியூவை விட்டால் ஐடிலில் இருந்தே பெட்ரோல் வழியும். அதைவிடப் பெரிய சிக்கல் டைமிங். கம்பெனி ஈசியூவுக்கு பூஸ்ட் என்று ஒன்று இருப்பதே தெரியாது. 1.6இல் காற்றை அளப்பது மடல் வைத்த பழைய மீட்டர். அது முழுதாகத் திறந்துவிட்ட பிறகு எவ்வளவு காற்று போனாலும் ஈசியூவுக்கு ஒரே கணக்குதான். டைமிங்கை அது பின்வாங்காது, நாக்கிங் (கலவை தாறுமாறாக வெடிப்பது) தொடங்கும், பிஸ்டன் ரிங் இடைவரப்பு உடையும்.

எனவே ஈசியூ முதலில், டர்போ கடைசியில். ஈசியூ, கலவையை அளந்து காட்டும் வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார், பெரிய இன்ஜெக்டர் மூன்றையும் பூட்டி டர்போ இல்லாமலே சில வாரம் ஓட்டுங்கள். குளிர் ஸ்டார்ட், ஐடில், சீரான ஓட்டம் எல்லாவற்றையும் ஆபத்தில்லாமல் சரிசெய்ய அதுதான் நேரம். டர்போவையும் புது ஈசியூவையும் ஒரே நாளில் பூட்டினால் எந்தக் கோளாறு எதனால் என்று பிரிக்கவே முடியாது.

இதற்கெல்லாம் முன்னால் கம்ப்ரெஷன் டெஸ்ட். நான்கு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். பிறகு லீக்டவுன், அதாவது சிலிண்டருக்குள் செலுத்திய காற்றில் எவ்வளவு கசிகிறது என்ற சோதனை: 10 சதவீதத்துக்குள் என்றால் நல்ல இன்ஜின், 20ஐத் தொட்டால் டர்போவை மறந்துவிடலாம். கிராங்க் புல்லியில் எத்தனை வெட்டு இருக்கிறது என்பதையும் எண்ணிச் சொல்லுங்கள்.

#3 ஸ்காபறோ சில்லு (ரொறன்ரோ)

தம்பி, ஹூஸ்ரன் வெக்கையில ஓடுற வண்டி எண்டபடியா கூலிங்கைப் பற்றி நான் சொல்லுறன்.

இந்த எஞ்சின் முதலில குறுக்கால பூட்டுற மாஸ்டா 323 காருக்குச் செய்தது. அதில தண்ணி ஹெட்டின்ர ஒரு முனையால உள்ள போய் மற்ற முனையால வெளிய வரும். மியாட்டாவில நெடுக்கா வைக்கேக்க பின்பக்கம் ஃபயர்வோல் இடிக்கும் எண்டு தண்ணி வெளிய வாற வாயையும் தேர்மோஸ்டாற்றையும் முன்னுக்குக் கொண்டு வந்திட்டினம். தண்ணிப் பம்பும் முன்னுக்கு, வெளி வாயும் முன்னுக்கு. பின்னுக்கு இருக்கிற 4ஆம் சிலிண்டருக்குப் போற தண்ணி ஹீற்றர் குழாயால மட்டுந்தான் திரும்புது. ரேர்போ இல்லாமல் இது பிரச்சினையில்லை. பூஸ்ற் வந்தால் முதல் நொக் பண்ணுறது அந்த 4ஆம் சிலிண்டர்தான்.

அதுக்குத்தான் ரீறூட் செய்யிறது: தேர்மோஸ்டாற்றை ஹெட்டின்ர பின்பக்கத்துக்கு மாத்தி, அங்கயிருந்து பெரிய ஹோஸ் ஒண்டை றேடியேற்றருக்கு இழுக்கிறது. ஃபயர்வோலுக்கும் ஹெட்டுக்கும் இடையில கை நுழையாது. கியர்பொக்ஸ் இறக்கி கிளட்ச் மாத்திற நாளிலயே இதையும் செய்தால் பாதி வேலை மிச்சம்.

றேடியேற்றரின்ர மேல் பிளாஸ்ரிக் தண்ணித் தாங்கி கறுப்பில இருந்து மண்ணிறமா மாறியிருந்தால் அது வெடிக்கிற நாளை எண்ணலாம். மாத்துங்கோ. டாஷில இருக்கிற வெப்ப முள்ளை நம்பாதேங்கோ. சாதாரண வெப்பத்தில இருந்து நல்லாக் கூடினாலும் அது நடுவிலதான் நிக்கும், ஏறத் தொடங்கேக்க பிந்திப்போயிடும். புது ஈசியூ காட்டுற எண்தான் உண்மை.

கறள் இல்லை எண்டு நம்பவும் வேண்டாம். பின் சில்லுக்கு முன்னால இருக்கிற சில் பகுதியை விரலால அமத்திப் பாருங்கோ. மேல் துணிக்கூரையின்ர வடிகால் துவாரம் அடைபட்டால் தண்ணி அதுக்குள்ளதான் தேங்கும். ரெக்சஸ் வண்டியிலயும் அது நடக்கும்.

#4 தெருவண்டி

நன்றி அண்ணன்மாரே. கம்ப்ரெஷன் 172, 170, 175, 168. லீக்டவுன் மீட்டர் வாடகைக்கு எடுக்க வேண்டும். புல்லியில் 4 வெட்டு. அதனால் என்ன?

#5 முறுக்குவிசை

கம்ப்ரெஷன் நன்றாக இருக்கிறது. ஆனால் 4 வெட்டு என்றால் குட்டை மூக்கு கிராங்க், அதாவது கிராங்க் தண்டின் முன்முனை குட்டையானது. 1990 மாடலிலும் 1991இன் தொடக்க வண்டிகளிலும் வந்தது. பின்னால் வந்த நீள மூக்குக்கு 8 வெட்டு.

இதில் டைமிங் பெல்ட்டை ஓட்டும் பல்சக்கரத்தை கிராங்கோடு பிடிக்கும் மூக்குப் பகுதி குட்டை. டைமிங் பெல்ட் மாற்றும்போது போல்டைச் சரியாக இறுக்காமல் விட்டால், பல்சக்கரம் மெல்ல ஆடி, அதைப் பூட்டும் கீயையும் கீ உட்காரும் பள்ளமான கீவேயையும் தின்னும். கேம் டைமிங் நகரும், வண்டி இழுவை இழக்கும், கடைசியில் கிராங்க் குப்பைக்குப் போகும். டர்போவால் வருகிற கோளாறு இல்லை இது, ஆனால் டர்போவுக்கு 2000 டாலர் செலவழித்த பிறகு இது தெரியவந்தால் எல்லாம் வீண்.

சோதிக்க: புல்லியைக் கழற்றாமல் இன்ஜின் ஐடிலில் ஓடும்போது புல்லியின் விளிம்பைப் பாருங்கள். தள்ளாட்டம் தெரிந்தால் திறக்க வேண்டும். திறந்தால் போல்ட், கீ, பல்சக்கரம் மூன்றும் புதிது. பழைய போல்டை மறுபடி போடக்கூடாது. இறுக்கம் 108-118 நியூட்டன் மீட்டர். நீள மூக்கின் அளவான 157-167ஐ இதில் போட்டால் போல்ட் நீண்டுவிடும், இணையத்தில் இரண்டையும் குழப்புகிறவர்கள் அதிகம். கீவே லேசாகத் தேய்ந்திருந்தால் லாக்டைட் 660 என்ற உலோகப் பசை நிரப்பிக் காப்பாற்றிய வண்டிகள் உண்டு. அதை நம்பி டர்போ போடச் சொல்ல எனக்கு மனம் வராது. அந்த நிலையில் வேறு இன்ஜின் தேடுவது மலிவு.

ஆறுதலான செய்தி: பெல்ட் அறுந்தாலும் இந்த இன்ஜினில் வால்வும் பிஸ்டனும் மோதாது.

#6 நாலாம்கியர் (கலிஃபோர்னியா)

மாற்றுக்கருத்து. இன்ஜினைத் திறக்கிற நிலை வந்தால் 1.6ஐ விட்டுவிடுங்கள். 1994 முதல் வந்த 1.8 அதே கியர்பாக்ஸில் பூட்டும். 1999-2000 மாடலின் 1.8இல் ஹெட் இன்னும் நல்லது, கம்பெனி கணக்கே 140 ஹெச்பி. அதற்கு நல்ல ஹெடர் (இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் குழாய்த் தொகுதி), ஈசியூ மட்டும் போட்டால் டர்போவின் வெப்பம், ஆயில் லைன் தலைவலி எதுவும் இல்லாமல் தினமும் ஓடும். ஆட்டோகிராஸில் ஆக்சிலரேட்டர் மிதித்த கணமே வருகிற சக்திதான் நேரத்தைக் குறைக்கும்.

கலிஃபோர்னியாவில் இருப்பவர்களுக்கு: இங்கே 1976 முதலான பெட்ரோல் வண்டிகளுக்கு ஸ்மாக் டெஸ்ட் (புகைச் சோதனை). பூட்டுகிற கிட்டுக்கு மாநிலக் காற்று வாரியத்தின் அனுமதி எண் இல்லாவிட்டால் பாகங்களைக் கண்ணால் பார்க்கும் சோதனையிலேயே தோல்வி. ஜாக்சன் ரேசிங்கின் பழைய சூப்பர்சார்ஜர் கிட்டுக்கு அந்த எண் இருந்தது. வீட்டில் சேர்த்த டர்போவுக்கு இருக்காது. எந்த மாநிலமானாலும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கழற்றுவது மத்தியச் சட்டப்படியே சட்டவிரோதம். டவுன்பைப் (டர்போவிலிருந்து புகையை இறக்கும் குழாய்) வாங்கும்போது கன்வெர்ட்டருக்கு இடம் உள்ளதைப் பார்த்து வாங்குங்கள்.

#7 முறுக்குவிசை

1.8 பற்றிச் சொன்னது நியாயம். கீவே தேய்ந்திருந்தால் நானும் அதையே சொல்வேன். கிராங்க் நன்றாக இருந்தால் மட்டும் 1.6 டர்போ என்று தொடர்கிறேன்.

இன்ஜெக்டர் கணக்கு. கிராங்கில் 205 ஹெச்பி என்று கொள்வோம். டர்போ இன்ஜின் ஒரு ஹெச்பிக்கு மணிக்கு 0.6 பவுண்டு பெட்ரோல் குடிக்கும்: 123 பவுண்டு. நான்கால் வகுத்தால் 30.75. இன்ஜெக்டர் 80 சதவீதத்துக்கு மேல் திறந்திருக்கக்கூடாது என்பதால் 0.8ஆல் வகுக்க 38.4. பவுண்டை 10.5ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு 404 சிசி. 450-460 சிசி வாங்கினால் போதும். 1000 சிசி மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்காதீர்கள், ஐடிலில் அதைக் கட்டுப்படுத்துவது கடினம். மீட்டரில் ஓம் பாருங்கள்: 12-16 என்றால் நேராகப் பூட்டலாம், 2-3 என்றால் ரெசிஸ்டர் வேண்டும், இல்லாவிட்டால் ஈசியூவின் டிரைவர் எரியும்.

ஈசியூவுக்கு மெகாஸ்கர்ட் பழையது வாங்கலாம். சால்டரிங் வரும் என்றால் ஆர்டுயினோ மெகா சர்க்யூட் பலகையில் ஓடும் ஸ்பீடுயினோ இன்னும் மலிவு. மடல் மீட்டரைக் கழற்றிவிட்டு மேனிஃபோல்ட் அழுத்தம், காற்றின் வெப்பம் இரண்டையும் வைத்து பெட்ரோல் கணக்கிடும். காற்று வெப்ப சென்சாரை இன்டர்கூலருக்குப் பின்னால் வையுங்கள், இன்டேக் மேனிஃபோல்டில் வைத்தால் அது உலோகத்தின் சூட்டை அளக்கும். இன்னொன்று: மேனுவல் 1.6இல் திராட்டில் சென்சார் வெறும் சுவிட்ச், மூடியது அல்லது முழுதாகத் திறந்தது என்று மட்டும் சொல்லும். எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும் சென்சாரை மாற்றினால் ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மிதிக்கும்போது வரும் தடுமாற்றம் போகும்.

டியூனிங்குக்குள் இறங்கும் முன் ஈசியூவில் டைமிங்கை 10 டிகிரியில் பூட்டிவிட்டு டைமிங் லைட்டால் புல்லியைப் பாருங்கள். திரையில் 10, புல்லியிலும் 10. இது பொருந்தாமல் போட்ட எந்த மேப்பும் (டியூனிங் அட்டவணையும்) பொய்.

93 ஆக்டேன் பெட்ரோலுக்குத் தொடக்கப் புள்ளி: சீரான ஓட்டத்தில் கலவை 14.7 (ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று). பூஸ்ட் இல்லாத முழுத் திராட்டிலில் 13. 5 பிஎஸ்ஐயில் 12. 8 பிஎஸ்ஐயில் 11.5. டைமிங், பூஸ்ட் இல்லாத முழுத் திராட்டிலில் 4000க்கு மேல் 26 டிகிரி என்று வைத்து, ஒவ்வொரு பிஎஸ்ஐக்கும் ஒரு டிகிரி குறையுங்கள். வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்து 160 கிலோபாஸ்கலில்தான் ஓடப்போகிறீர்கள், எனவே 175இல் பெட்ரோல் நிறுத்தம் வையுங்கள். பூஸ்டை எல்லைக்குள் வைக்கும் வேஸ்ட்கேட் வால்வின் குழாய் கழன்றால் இன்ஜினைக் காப்பாற்றுவது அந்த ஒரு வரிதான்.

நாக்கிங் கேட்க: அரை அங்குலச் செப்புக் குழாயின் ஒரு முனையை நசுக்கித் துளையிட்டு பிளாக்கில் போல்ட் போடுங்கள். மறுமுனையில் ரப்பர் ஹோஸ், அதன் முடிவில் காதுக் கவசம். காற்றுக் குழாய்களின் இரைச்சலுக்கு நடுவே அந்தச் சிணுங்கலான சரளைச் சத்தம் தெளிவாகக் கேட்கும். ஓட்டுகிறவர் இதை மாட்டக்கூடாது, பக்கத்தில் இருப்பவர் மாட்டட்டும். பொதுச் சாலை வேண்டாம், டைனோ (வண்டியை நின்ற இடத்திலேயே ஓட்டி சக்தியை அளக்கும் இயந்திரம்) வாடகைக்கு எடுங்கள்.

#8 லேத்பட்டறை (டெட்ராய்ட்)

வெல்டிங் வராது என்று சொன்னதால் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டே வாங்குங்கள். பளபளப்பான மலிவு ஸ்டெயின்லெஸ் மேனிஃபோல்ட் வெல்டிங் ஓரத்தில் வெடிக்கும்.

இந்த வண்டியில் டர்போ போட்ட எல்லோரையும் வாட்டுவது டர்போவை மேனிஃபோல்டோடு பிடிக்கும் ஸ்டட் (தலையில்லாத போல்ட்) தான். சாதாரண எஃகு 700 டிகிரி செல்சியஸைத் தொடும் சூட்டில் மெல்ல நீளும், இறுக்கம் போகும், கேஸ்கெட் ஊதும், அந்த அதிர்வில் நட் கழன்று ரோட்டில் விழும். இதற்கு சூடு தாங்கும் இன்கோனெல் உலோக ஸ்டட், உலோகப் பூட்டு நட், டவுன்பைப்பின் எடையைத் தாங்க கியர்பாக்ஸிலிருந்து ஒரு பிராக்கெட். பிராக்கெட்டை விட்டுவிட்டு விலையுயர்ந்த ஸ்டட் போட்டால் பாதிப் பலன்தான். பூட்டிய பிறகு மூன்று தடவை சூடாக்கி ஆறவைத்து, ஒவ்வொரு தடவையும் ஆறிய பின் மறுபடி இறுக்குங்கள்.

ஆயில் வரத்து: பிளாக்கில் ஆயில் பிரஷர் சென்சார் இருக்கும் துளையிலிருந்து டி போட்டு எடுக்கலாம். அந்த மரை 1/8 பிஎஸ்பிடி, அங்குலத்துக்கு 28 புரி. அமெரிக்கக் கடையில் கிடைக்கும் என்பிடி 27. இரண்டு சுற்று அழகாக ஏறும், பிறகு அடம்பிடிக்கும். அங்கே வலுக்கட்டாயமாக இறுக்கினால் மரை போய்விடும். சரியான அடாப்டர் வாங்குங்கள். டி25 சாதாரண பேரிங் என்பதால் ஆயில் வரத்தைக் குறைக்கும் ரெஸ்டிரிக்டர் வேண்டாம். பால் பேரிங் டர்போ வாங்கினால் 1 மில்லிமீட்டர் அளவு ரெஸ்டிரிக்டர் கட்டாயம்.

ஆயில் திரும்பும் வழி: அழுத்தமில்லாமல் தானாக வடிய வேண்டும். உள்விட்டம் 16 மில்லிமீட்டர், எங்கும் பள்ளம் விழாமல் கீழ்நோக்கியே, சம்பில் (இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) ஆயில் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். திரும்பும் வழி அடைத்தால் டர்போ சீல் வழியே ஆயில் புகைபோக்கிக்குப் போய் நீலப்புகை வரும், டர்போ போய்விட்டது என்று நல்ல டர்போவைத் தூக்கி எறிவார்கள்.

சம்பைக் கழற்ற இன்ஜினையோ முன் சப்ஃபிரேமையோ இறக்க வேண்டும். அதைத் தவிர்க்க வண்டியிலேயே துளையிடலாம்: பழைய ஆயிலை வடித்து, டிரில் பிட்டிலும் டேப்பிலும் கெட்டியான கிரீஸ் பூசி, அரைச் சுற்றுக்கு ஒருமுறை வெளியே எடுத்துத் துடைத்து மறுபடி பூசுங்கள். துகள் கிரீஸில் ஒட்டிக்கொள்ளும். முடிந்ததும் மலிவு ஆயில் ஒரு லிட்டர் ஊற்றி வடிப்பு பிளக் வழியே கழுவி விடுங்கள்.

#9 பூஸ்ட்மீட்டர் (நியூ ஜெர்சி)

இதே அமைப்பு, 8 பிஎஸ்ஐ. 4500 தாண்டியதும் வண்டி திக்குகிறது. வைட்பேண்டில் கலவை 15க்கு மேல் போகிறது. பெட்ரோலைக் கூட்டக் கூட்ட மோசமாகிறது. பம்பு பலவீனமா?

#10 முறுக்குவிசை

பெட்ரோலைக் கூட்டினால் மோசமாகிறது என்பதே விடை. பற்றாத சிலிண்டரிலிருந்து எரியாத ஆக்சிஜன் அப்படியே வெளியேறும். சென்சார் அளப்பது ஆக்சிஜனை, அதனால் பெட்ரோல் குறைவு என்று காட்டும். உண்மையில் இது ஸ்பார்க் அணைவது.

பிளக் இடைவெளி கம்பெனி அளவான 1.1 மில்லிமீட்டரிலேயே இருக்கும். 0.7க்குக் குறையுங்கள். பிளக்கும் கம்பெனி பிளக்கை விடக் குளிர்ச்சியானது, என்ஜிகே பிகேஆர்7இ. வயர் பழசு என்றால் அதையும். இதற்கும் போகாவிட்டால் ஈசியூவில் காயில் சார்ஜ் நேரத்தைப் பாருங்கள். எல்லாம் சரி என்ற பிறகுதான் பெட்ரோல் அழுத்த மீட்டரை எடுக்க வேண்டும்: வெற்றிடக் குழாயைக் கழற்றிய அளவோடு, பூஸ்ட் ஏறும் ஒவ்வொரு பிஎஸ்ஐக்கும் ஒரு பிஎஸ்ஐ கூட வேண்டும். கூடாமல் விழுந்தால் பம்பு.

#11 தெருவண்டி

பூஸ்ட்மீட்டரின் கேள்வியால் எனக்கும் தெளிவு. மாற்றிய பட்டியல்: ஈசியூவும் வைட்பேண்டும் 1000. இன்ஜெக்டர், பம்பு 300. ரேடியேட்டர், ரீரூட் 450. டைமிங் பெல்ட், தண்ணீர் பம்பு, சீல் 200. கிளட்ச் 350. பிரேக் 350. டயர் 450. டர்போ, மேனிஃபோல்ட், டவுன்பைப் 1300. இன்டர்கூலர், குழாய் 300. ஆயில் லைன், ஸ்டட், கேஸ்கெட் 200. மொத்தம் 4900.

#12 ஸ்காபறோ சில்லு

தம்பி, பட்டியலில ரோல் பார் எங்க? வண்டி கவிண்டால் தலையைக் காக்கிற இரும்பு வளைவு அது. திறந்த கூரை வண்டி. வேகத்தைக் கூட்டமுந்தி அதைப் பூட்டுங்கோ. அலங்காரத்துக்கு விக்கிற வளையம் இல்லை, தரையோட போல்ட் போடுற, குறுக்குச் சட்டமும் பின் தாங்கியும் உள்ளது. இருந்து பாருங்கோ: ரோல் பாரின்ர மேலயிருந்து முன் கண்ணாடிச் சட்டத்தின்ர மேலுக்கு ஒரு தும்புத்தடியை வைச்சால் தலை அதுக்குக் கீழ இருக்கவேணும். முட்டினால் சீற் ஸ்பொஞ்சை அறுத்துக் குறைக்கலாம். தலை படுற இடமெல்லாம் கெட்டிப் பஞ்சு சுத்துங்கோ, றோட்டில ஹெல்மெற் இல்லாமல்தானே ஓடப்போறியள்.

100 டொலர் மிச்சம் எண்டு திட்டம் போட்டால் முதல் உடையிற போல்ட்டோட வேலை நிக்கும். ரேர்போ, இன்ரர்கூலர், ஒயில் லைன் மூண்டு வரியையும் பட்டியலில இருந்து எடுங்கோ. அந்த 1800 இல ரோல் பார் பூட்டி, மிச்சத்தைக் கையில வைச்சு, ரேர்போவை அடுத்த வருசம் வாங்குங்கோ. ஈசியூவும் நல்ல ரயரும் நல்ல பிறேக்கும் இருக்கிற 116 குதிரை மியாட்டா ஓட்டோகுறொஸ்ஸில ஆரையும் வெக்கப்பட வைக்கும்.

பிறேக்குக்கு 350 கூட. 1994இல இருந்து வந்த 1.8இன்ர முன் டிஸ்க் 255 மில்லிமீற்றர், உங்கட 235. பழைய வண்டி யார்ட்டில 1.8இன்ர பிராக்கெற்றை எடுத்து, புது டிஸ்க் வாங்கினால் உங்கட கலிப்பரே அதில பூட்டும். 14 அங்குலச் சில்லும் இடிக்காது. நல்ல பாட், புது டொட் 4 எண்ணெய். ரயர் 205/50 15, சில்லு 15க்கு 7, நாலு போல்ட், போல்ட் வட்டம் 100 மில்லிமீற்றர்.

அலைன்மென்ற், அதாவது சில்லுகளின்ர கோணங்கள்: காஸ்ரர் கிடைக்கிற அளவு, 5 பாகை வந்தால் நல்லது. காம்பர் முன்னுக்கு மைனஸ் 1.5, பின்னுக்கு மைனஸ் 2. பின் டோ கொஞ்சம் உள்ளுக்கு. மழையில வாலை ஆட்டாமல் வைக்கிறது அதுதான்.

டிஃப் இப்ப வேண்டாம். 6 அங்குல டிஃப் 170 குதிரையைத் தாங்கும், கிளட்சைச் சடாரெண்டு விடாட்டில். உடைஞ்சால் 1.8இன்ர 7 அங்குல டிஃப், அதோட அதுக்குரிய பின் ஷாஃப்ற் இரண்டும், நடு ஷாஃப்றும் ஒண்டாய் எடுக்கவேணும். டோர்சன் (இரண்டு பின் சில்லுக்கும் இழுவையைப் பங்கிடுற வகை) உள்ளது கிடைச்சால் விடாதேங்கோ.

#13 லேத்பட்டறை

கிளட்ச் மாற்றும் நாளுக்கு ஒரு எச்சரிக்கை. கியர்பாக்ஸையும் டிஃபையும் இணைக்கும் நீளமான அலுமினியச் சட்டத்தைக் கழற்றியதும் இன்ஜின் பின்னோக்கிச் சாயும், ஹெட்டின் பின்னால் இருக்கும் கேம் சென்சார் ஃபயர்வாலில் மோதி உடையும். சம்புக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக் கொடுத்துவிட்டுக் கழற்றுங்கள். திரும்பப் பூட்டும்போது அந்தச் சட்டத்தின் உயரத்தைக் கையேட்டில் சொன்ன அளவுக்கு வைக்காமல் இறுக்கினால் 60 மைல் வேகத்தில் தரையெல்லாம் அதிரும், புரொப்பெல்லர் ஷாஃப்டைக் குற்றம் சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

#14 தெருவண்டி

டர்போ அடுத்த வருடம் என்று முடிவு. ரோல் பாரும் ஈசியூவும் முதலில். டர்போ பூட்டிய பின் முதல் ஸ்டார்ட்டுக்கு என்ன செய்ய வேண்டும் என்று இப்போதே எழுதி வைத்துவிடுங்களேன், பட்டியலோடு சேர்த்து ஒட்டிக்கொள்கிறேன்.

#15 முறுக்குவிசை

டர்போவின் ஆயில் வாயில் சில சொட்டு ஊற்றி, டர்போவின் உள்சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். இன்ஜெக்டர் ஃப்யூஸையும் காயில் இணைப்பையும் கழற்றிவிட்டு, டாஷில் ஆயில் முள் எழும் வரை 10 விநாடி 10 விநாடியாக ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். 1991இல் அந்த முள் உண்மையான அழுத்தம் காட்டும்; 1995 முதல் வந்தவை வெறும் சுவிட்ச், அவற்றுக்குத் தனி மீட்டர் வேண்டும். பிறகு இணைத்து ஸ்டார்ட் செய்து, ஐடிலிலேயே விட்டு, திரும்பும் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள்: ஒரு நிமிடத்தில் சூடேற வேண்டும். தண்ணீரில் காற்று வெளியேறும் வரை முன்பக்கத்தை உயர்த்தி ரேடியேட்டர் மூடியைத் திறந்து வையுங்கள். முதல் 50 மைல் பூஸ்ட் வராமல் ஓட்டி, ஆறிய பின் ஸ்டட்களை இறுக்கி, ஆயிலை மாற்றி, வடித்த ஆயிலை வெயிலில் வைத்து உலோகத் துகள் மினுங்குகிறதா பாருங்கள்.